தேகப்பயிற்சியும் அழற்சியும்

தேகப்பயிற்சியும் அழற்சியும்: தசைகள் சுருங்கி இயங்குவதால் திசுக்களின் அழற்சியிலும் சரீரத்தின் நோயெதிர்ப்பு சக்தியிலும் உண்டாகும் மாறுதல்களை ஆராயும் உடலியல் விஷயம்.

வகை: விளைவுகள், சில மணி நேரமே நிற்கும் உடனடி விளைவு, பல மாதப் பழக்கத்தால் நிலைபெறும் நீடித்த விளைவு என இருவகைப்படும்.

இயல்பு: ஒருவர் விரைந்து ஓடும்போது, அட்ரினலின் சுரப்பும் இரத்த ஓட்டமும் மிகுவதால், இரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருந்த வெள்ளணுக்கள் விடுபட்டு ஓட்டத்திற் கலக்கின்றன, ஓய்வுக்குப்பின் அவற்றுட் சிலவகை, தொடக்க அளவினும் குறைகின்றன. இயங்கும் தசையிலிருந்து வெளிப்படும் இன்டர்லூகின்-6 என்னும் புரதம், மாரத்தான் போன்ற நெடிய ஓட்டத்தில் 100 மடங்குவரை உயர்ந்து, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 முதலியவற்றைப் பெருக்குகிறது. இடைவிடாத பழக்கமோ, வயிற்றுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பைக் குறைத்து, நாட்பட்ட மிதமான அழற்சியைத் தணிக்கிறது.

வரலாறு: பாஸ்டன் மாரத்தான் ஓட்டக்காரரின் வெள்ளணுப் பெருக்கத்தை ஆய்வாளர் லாரபி 1902-இல் வெளியிட்டார். இன்டர்லூகின்-6 போன்ற, தசை சுரக்கும் பொருள்களுக்கு ‘மயோகைன்’ என்னும் பெயரை, கோபன்ஹேகனின் பென்டெ கிளார்லுண்ட் பெடர்சனும் சகாக்களும் 2003-இல் முன்மொழிந்தனர்.

முக்கியத்துவம்: இரண்டாம் வகை நீரிழிவு, தமனித் தடிப்பு ஆகியவற்றின் தடுப்பில் இவ்வறிவு பயன்படுகிறது. வயதுவந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது.