ஒன்பது வியாழக்கிழமைகளும் இலத்தீன் எண்ணும்

பெங்களூரு விவேக் நகரின் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைதோறும் நடைபெறும் நொவேனா, அதாவது ஒரே வேண்டுதலை ஒன்பது முறை தொடர்ந்து செய்யும் வழிபாடு, சமய வேறுபாடின்றி மக்களை ஈர்ப்பது. மெழுகுவர்த்தியும் மாலையுமாக வருவோரில் பலர் ஒன்பது வியாழக்கிழமைகளை விடாமல் எண்ணி முடிக்கின்றனர். 1628இல் பிராகா நகரின் கார்மெல் சபையினருக்கு அளிக்கப்பட்ட குழந்தை இயேசு சிலையோடு இப்பக்தி பரவியது. அவசரத் தேவைக்கென ஒன்பது மணி நேரத்தில் முடிக்கும் நொவேனாவும் இதற்கு உண்டு.

ஒன்பதைக் குறிக்கும் ‘நோவெம்’ என்ற இலத்தீன் சொல்லே ‘நொவேனா’ என்ற பெயரின் வேர். தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் ‘நவநாள்’ என்பதிலுள்ள ‘நவ’ எனும் வடசொல்லும் அதன் உறவே. மார்ச்சில் ஆண்டைத் தொடங்கிய பழைய ரோமானியருக்கு ஒன்பதாம் மாதமாயிருந்த நவம்பர், இன்று பதினோராம் மாதமாகியும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இவற்றினும் விந்தையானது, நண்பகலைக் குறிக்கும் ‘நூன்’ என்ற ஆங்கிலச் சொல். சூரிய உதயத்திலிருந்து எண்ணிய ஒன்பதாம் மணியான ‘நோனா’, ஏறத்தாழப் பிற்பகல் மூன்று மணி. நோன்பு நாள்களில் அவ்வேளைச் செபத்துக்குப் பின்னரே உண்ண வேண்டியிருந்த துறவியர், செபத்தைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்தியதால் சொல்லும் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது என்பது பொதுவான விளக்கம். பசி எண்கணிதத்தை வென்றது என்றே கொள்ளலாம்.