பண்டமாற்றில் போன ஆட்டக்காரர்கள்

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கிறவர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எப்படியும் ஒரு கட்டத்தில் "யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள்" என்பதில் வந்து நிற்கும். கிரிக்கெட்டோடு வளர்ந்த நமக்கு இது முதலில் சற்று விசித்திரமாகத்தான் படும். இங்கே ஏலம் கிடையாது. ஓர் அணி தன் ஆட்டக்காரரை இன்னோர் அணியிடம் கொடுத்து, ஈடாக வேறொருவரையோ, பெயர் தெரியாத இரண்டு மூன்று இளைஞர்களையோ பெற்றுக்கொள்ளும். 'டிரேட்' என்பார்கள். பண்டமாற்று என்ற நம் பழைய சொல் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. உப்புக்கு நெல் மாற்றிய கணக்குதான். ஒரு பக்கம் அள்ளிக்கொண்டு போக, மறுபக்கம் கையை விரித்து நின்ற மாற்றுகள் சிலவற்றை இங்கே பார்க்கலாம்.

எல்லாரும் முதலில் சொல்வது பேப் ரூத்தை. கறாராகப் பார்த்தால் அது மாற்றே அல்ல, விற்பனை. 1919 டிசம்பர் கடைசியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி, ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். கூடவே, ஃபென்வே பார்க் மைதானத்தை அடமானமாக வைத்து மூன்று லட்சம் டாலர் கடனும் ஏற்பாடாயிற்று. ஃப்ரேஸி நாடகத் தயாரிப்பாளர். 'நோ, நோ, நானெட்' என்ற இசை நாடகத்தை மேடையேற்றத்தான் விற்றார் என்று ஒரு கதை உண்டு. அந்த நாடகம் பிராட்வேக்கு வந்தது 1925இல் என்பதால் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1920இல் ரூத் அடித்தது 54 ஹோம் ரன். 1918இல் வேர்ல்டு சீரிஸ் வென்ற ரெட் சாக்ஸ் அடுத்ததை வெல்ல 2004 வரை காத்திருந்தது.

என்னைக் கேட்டால், ரூத் கதையைவிட உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது சிகாகோவின் கதை. நான் குடியிருக்கும் இந்த ஊரில் "ப்ராக்குக்கு ப்ரோலியோ" என்பது பழமொழி மாதிரி. வீடு விற்பதிலோ கார் மாற்றுவதிலோ ஒருவன் ஏமாந்தால் போதும், வயதானவர்கள் உடனே இதைச் சொல்லிவிடுவார்கள்.

1964 ஜூன் 15 அன்று சிகாகோ கப்ஸ், லூ ப்ராக் உட்பட மூவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த மூவரில் முக்கியமானவர் எர்னி ப்ரோலியோ என்ற பிட்சர். ப்ரோலியோ 1960இல் 21 ஆட்டங்களும், 1963இல் 18 ஆட்டங்களும் வென்றவர். ப்ராக்குக்கு அப்போது 24 வயது. வேகமாக ஓடுவார், ஆனால் அந்த ஆண்டு பேட்டிங் சராசரி.251தான். சிகாகோ பத்திரிகைகள் கப்ஸுக்கே லாபம் என்று எழுதின. அன்றைய நிலவரத்தை வைத்துப் பார்த்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

செயின்ட் லூயிஸ் போன ப்ராக் மீதி ஆட்டங்களில் .348 அடித்தார். பாதிக்கும் கீழே கிடந்த அணி, கடைசி நாள் ஆட்டத்தில் லீக் பட்டம் வென்று, வேர்ல்டு சீரிஸில் யாங்கீஸையும் தோற்கடித்தது. ப்ராக் ஓய்வு பெறும்போது 3,023 ஹிட், 938 பேஸ் திருட்டு. (பந்து எறியப்படும் கணத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத் 'திருட்டு' என்கிறார்கள், சட்டப்படியான திருட்டு!) ப்ரோலியோ சிகாகோவுக்காக மூன்று ஆண்டுகளில் வென்றது 7 ஆட்டம், தோற்றது 19. அவருடைய முழங்கை கெட்டுப்போயிருந்தது. அந்த ஆண்டே நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. 1966க்குப் பிறகு அவர் பெரிய லீக்கில் ஆடவில்லை.

ஒரு மனிதர் 21 ஆட்டங்கள் வென்ற ஆண்டு யாருக்கும் நினைவில்லை, அவர் பெயர் மட்டும் மோசமான பேரத்துக்கு மறுபெயராக நிலைத்துவிட்டது. பேரம் பேசியவர் அவர் அல்ல. அவர் பேரம் பேசப்பட்ட பண்டம். ப்ரோலியோ இதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். ப்ராக்கும் அவரும் நண்பர்களாகி விழாக்களில் ஒன்றாகத் தோன்றினார்கள். ப்ரோலியோ 2019இலும் ப்ராக் 2020இலும் காலமானார்கள்.

1971 டிசம்பரில் நடந்தது இன்னொன்று. நியூயார்க் மெட்ஸ் அணி நோலன் ரயனையும் வேறு மூவரையும் கொடுத்து, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸிடமிருந்து ஜிம் ஃப்ரகோசியை வாங்கியது. ரயன் அசுர வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே நிச்சயமில்லாத காலம் அது. 1973இல் அவர் 383 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மொத்தக் கணக்கு 5,714. இரண்டும் இன்றுவரை நவீன பேஸ்பாலில் முறியாதவை. பழகாத இடத்தில் நிறுத்தப்பட்டு, கட்டைவிரலும் முறிந்த ஃப்ரகோசியை மெட்ஸ் 1973ஆம் ஆண்டு பாதியிலேயே விற்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1978இல் ஏஞ்சல்ஸின் மேலாளராக ஃப்ரகோசி திரும்பி வந்தார். அவருடைய அணியில் பந்தெறிந்தவர் ரயன்.

1965இல் சின்சினாட்டி, முப்பது வயதான ஃப்ராங்க் ராபின்சனை பால்டிமோருக்குத் தள்ளிவிட்டதும் இந்த வரிசையில் வரும். அடுத்த ஆண்டே சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் லீக்கில் முதலிடம், வேர்ல்டு சீரிஸ் வெற்றி.

ஆனால் 1987இல் டெட்ராய்ட், 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து டாய்ல் அலெக்சாண்டரை வாங்கியதை இந்தப் பட்டியலில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. ஸ்மோல்ட்ஸ் பின்னால் பெருஞ்சாதனையாளர் ஆனார், உண்மை. அலெக்சாண்டர் வந்த கையோடு 9 ஆட்டம் வென்றார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. டெட்ராய்ட் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டம் வென்றது. கேட்டது கிடைத்தது. இருபது ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால் எந்த வியாபாரம்தான் தேறும்?

இந்தக் கணக்குகளில் பண்டத்தின் குரல் எங்கும் கேட்பதில்லை. அதைக் கேட்கவைத்தவர் கர்ட் ஃப்ளட். 1964 கார்டினல்ஸ் அணியில் ப்ராக்குக்குப் பக்கத்தில், நடுக்களத்தில் நின்றவர். பன்னிரண்டு ஆண்டு ஆடிய பிறகு, 1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அக்கால ஒப்பந்த விதிப்படி ஆட்டக்காரர் போக வேண்டும், இல்லையேல் ஆட்டத்தை விட வேண்டும். ஃப்ளட் மறுத்தார். விருப்பத்தைக் கேளாமல் வாங்கி விற்கப்படும் பொருளாகத் தன்னைக் கருதவில்லை என்று பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் தொடுத்தார். அவர் கறுப்பினத்தவர் என்பதால் அந்தச் சொற்களின் கனம் எல்லாருக்கும் புரிந்தது.

1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், தொடக்கத்தில் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை ஆசையோடு அடுக்கிக்கொண்டே போகிறார். ஆட்டத்தின் மேல் அவ்வளவு காதல். ஆட்டக்காரருக்கு மட்டும் நியாயமில்லை. ஃப்ளட் 1971இல் வாஷிங்டனுக்காகப் 13 ஆட்டம் ஆடியதோடு சரி. 1975 டிசம்பரில், வேறு இரு ஆட்டக்காரர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பால்தான் அந்த விதி உடைந்தது.

அதற்கு முன்பே, 1973இல், ஒரு சிறிய கதவு திறந்திருந்தது. பத்து ஆண்டு ஆடி, கடைசி ஐந்து ஆண்டு ஒரே அணியில் இருந்தவர் மாற்றத்தை மறுக்கலாம் என்ற விதி. அதை முதலில் பயன்படுத்தியவர் சிகாகோ கப்ஸின் ரான் சாண்டோ. கலிஃபோர்னியாவுக்குப் போக மாட்டேன் என்றார். கப்ஸ் அவரை அதே ஊரின் இன்னொரு அணியான ஒயிட் சாக்ஸுக்கு மாற்றியது.