ஸ்பானிய ஹெருந்தியோவும் தமிழ் வினையெச்சமும்

நடந்துகொண்டிருக்கும் செயலைக் குறிக்க ஸ்பானிய மொழி, 'இரு' என்னும் பொருளுடைய 'எஸ்தார்' என்ற துணைவினையோடு 'ஹெருந்தியோ' என்ற எச்ச வடிவத்தைச் சேர்க்கிறது. 'ஆர்' ஈற்று வினைகளின் ஹெருந்தியோ 'ஆந்தோ' என்றும், 'ஏர்', 'ஈர்' ஈற்று வினைகளுடையது 'இயேந்தோ' என்றும் முடியும். 'எல் லாகோ சே எஸ்தா யெநாந்தோ' என்றால் ஏரி நிரம்பிக்கொண்டிருக்கிறது. ஹெருந்தியோ எவ்விடத்தும் திரியாது. எண், இடம், காலம் ஆகியவற்றை எஸ்தாரே காட்டும்.

தமிழின் அமைப்பும் இதுவே. வடகிழக்குப் பருவமழையில் மதுராந்தகம் ஏரி பெருகும்போது, அவ்வட்டாரப் பேச்சில் 'ஏரி ரொம்பினு இருக்குது' என்பார்கள். தென்மாவட்டங்களில் 'ரொம்பிக்கிட்டு இருக்கு'. 'கொண்டு' என்பது 'னு' ஆகவும் 'கிட்டு' ஆகவும் தேய்ந்தாலும், காலத்தையும் பாலையும் 'இரு' விடாமல் தாங்குகிறது.

எனவே தமிழ் மாணவருக்கு ஹெருந்தியோவை ஆங்கிலத்தின் 'இங்' ஈற்று வழியாகக் கற்பிப்பது சுற்றுவழி. பல பிழைகளுக்கு அதுவே வாயில். அந்த ஓர் ஈறு வினையெச்சம், பெயரெச்சம், தொழிற்பெயர் ஆகிய மூன்றின் வேலையையும் செய்கிறது. ஸ்பானியம் அப்படிச் செய்வதில்லை. 'நீந்துவது நல்லது' என்பதற்கு 'நதார் எஸ் புவேனோ' என வினையின் மூலவடிவமே வரும், 'நதாந்தோ' வராது. 'புத்தகங்கள் உள்ள பெட்டி' என்பதிலும் ஹெருந்தியோ பெட்டிக்கு அடைமொழியாகாது. 'கே' சேர்ந்த தொடரே வேண்டும். கொதிக்கும் நீரைக் குறிக்கும் 'ஆகுவா இர்வியேந்தோ' போன்ற மிகச் சில வழக்குகளே விலக்கு. 'நாளை வந்துகொண்டிருக்கிறேன்' என்று தமிழர் சொல்லாதது போலவே, நாளைய வருகைக்கு ஸ்பானியரும் 'மஞ்ஞானா யெகோ' என்று எளிய நிகழ்காலத்தையே ஆள்வர்.

ஆனால் இரண்டும் முழுமையாகப் பொருந்துவதில்லை. தொல்காப்பியர் கூறும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் முதலாவதான 'செய்து' பெரும்பாலும் முன்நிகழ்வைக் காட்டும். 'சாப்பிட்டு வந்தான்' என்றால் உணவு முடிந்தபின் வந்தான். அதைச் சொல்லுக்குச் சொல் 'பீனோ கொமியேந்தோ' என்று பெயர்த்தால், சாப்பிட்டுக்கொண்டே வந்தான் என்றாகிவிடும். ஹெருந்தியோ உடன்நிகழ்வுக்கு உரியது. அதற்கு நேரானது 'செய்து' அன்று, 'செய்துகொண்டு'. இந்த வேறுபாட்டை முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

எஸ்தாருக்குப் பதில் வேறு துணைவினைகளும் வரும். 'போ' என்னும் பொருளுடைய 'ஈர்' சேர்ந்து 'சே பா யெநாந்தோ' என்றால், ஏரி சிறிது சிறிதாக நிரம்பிவருகிறது. ஸ்பானியம் போகச் சொல்லும் இடத்தில் தமிழ் வரச் சொல்கிறது. 'வா' என்னும் பொருளுடைய 'பெநீர்' முன்பே தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு உரியது. தமிழில் அதற்கும் 'செய்துவருகிறார்' என்பதே வடிவம். கால அளவையும் சேர்த்துச் சொல்ல 'யெபார்' வரும்: 'யேபோ தோஸ் ஆஞ்ஞோஸ் பிவியேந்தோ ஆக்கீ' என்பது 'இரண்டு ஆண்டுகளாக இங்கே வசித்துவருகிறேன்' என்பதற்கு ஈடு. செயல் கடந்த காலத்தில் தொடங்கியிருந்தும், இரு மொழிகளிலும் துணைவினை நிகழ்காலத்திலேயே நிற்கிறது.