சாயவேரின் சிவப்பு

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் மணலைக் கிண்டிச் சாயவேர் எடுப்பது ஆசைக்குச் செய்த தொழில் அல்ல, கட்டாய ஊழியம். வேர் போய்ச் சேர்ந்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் பண்டசாலைக்கு. சோழமண்டலக் கரையின் சீத்தைத் துணிகள் சிவந்ததெல்லாம் இந்த வேரின் புண்ணியம்.

அந்தச் சிவப்பு எதனாலானது? 1893-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்தர் ஜோர்ஜ் பெர்க்கினும் ஹம்மலும் வேரைப் பகுத்துப் பார்த்தார்கள். அகப்பட்டது அலிசரின் என்னும் சிவப்புச் சாயப்பொருள். வேடிக்கை என்னவென்றால், ஆர்தரின் தகப்பன் வில்லியம் பெர்க்கின் தொழிற்சாலையில் செயற்கை அலிசரின் செய்து விற்றவர். வேர் கிண்டுவோரின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவர்களில் ஒருவர்!

ஒரு பழந்துணியின் சிவப்பு எந்த வேரிலிருந்து வந்தது என்று அறிய, இன்றைய பகுப்பாய்வாளருக்கு அதன் நூல் நுனி, சில மில்லிமீற்றர், போதும். சாயத்தை நூலோடு பிணைத்திருக்கும் படிகாரத்தின் பிடியை அமிலம் விட்டுத் தளர்த்துவார். கரைசலை நிரலில் பிரித்துத் திணிவு நிறமாலைமானிக்குள் செலுத்துவார். எதிர் அயனி வரைபடத்தில் அலிசரினின் உச்சி திணிவு-மின்னேற்ற விகிதம் 239-இல் எழும். அதன் உறவுச் சாயமான பர்ப்பூரினின் உச்சி 255-இல். ஐரோப்பிய மஞ்சிட்டியில் இரண்டும் உண்டு. சாயவேரில் பர்ப்பூரின் கிடையாது.

ஆனால் செயற்கை அலிசரினும் அதே 239-இல்தான் நிற்கும். அது முதன்முதல் ஆய்வுகூடத்தில் பிறந்தது 1868-இல்; எனவே துணியின் வயதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.