விளக்கெண்ணெயில் பறந்த இன்ஜின்கள்: வேக வண்டிக்கு எந்த ஆயில்?

ஒருத்தரை மந்தமான ஆள்னு திட்டணும்னா தமிழ்ல ரெடியா ஒரு வார்த்தை இருக்கு: "சரியான விளக்கெண்ணெய்!" சினிமாவுல கேட்டிருப்பீங்க, வீட்டுலயும் வாங்கியிருப்பீங்க. ஆனா உலகத்தின் வேகமான இன்ஜின்களுக்குள்ள கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு காலம் ஓடினது இதே விளக்கெண்ணெய்தான். இன்னைக்கு எபிசோட் அந்தக் கதை.

இதைப் பேசக் காரணம், மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பின வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, டர்போ பெட்ரோல் வண்டி ஒண்ணு எடுத்திருக்கேன். கொஞ்சம் ட்யூனிங்கும் பண்ணியாச்சு. ஒர்க்‌ஷாப்ல 20டபிள்யூ-50 ஊத்து, கெட்டியா நிக்கும்னு சொல்றாங்க. கூட்டாளி ரேசிங் ஆயில்தான் ஊத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். எதை ஊத்த?" நானும் மார்த்தாண்டத்துக்காரன்தான். அந்த ஒர்க்‌ஷாப் பேச்சு எனக்கு நல்லாத் தெரியும். தம்பிக்குப் பதில் இருக்கு. ஆனா "கெட்டி ஆயில்", "ரேசிங் ஆயில்" என்கிற இந்த ரெண்டு நம்பிக்கையும் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துட்டுப் போவோம்.

ஆமணக்கு நம்ம ஊர்ல வேலிப் பக்கம் தானா முளைக்கிற செடி. அதோட எண்ணெயை விளக்குல ஊத்தினாங்க, பிள்ளைகளுக்கு வயிறு கழுவக் குடுத்தாங்க. இன்னொரு வேலையும் அதுக்கு இருந்துச்சு. வைக்கோலை எரிச்ச கரியையும் விளக்கெண்ணெயையும் குழைச்சா வண்டி மை. மாட்டு வண்டி அச்சுல அதைத்தான் தடவினாங்க. அதாவது, உராய்ற இடத்துல விளக்கெண்ணெய் போடணும்னு நம்மாளுங்களுக்கு இன்ஜின் வர்றதுக்கு முன்னாடியே தெரியும். 19-ஆம் நூற்றாண்டுல ரயில் வந்தப்ப, இந்திய ரயில்வேக்கள் விளக்குக்கும் இயந்திரத்துக்கும் இதே எண்ணெயைப் பயன்படுத்தின.

1899-ல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் ஒரு எண்ணெய்க் கம்பெனி தொடங்கினார். முதலில் விற்றது ரயிலுக்கும் கனரக இயந்திரங்களுக்கும். பிறகு காரும் விமானமும் வந்தன. இந்தப் புது இன்ஜின்கள் வேகமாகச் சுற்றின, அதிகம் சூடாயின. அன்றைய பெட்ரோலிய எண்ணெய்கள் அந்தச் சூட்டில் தண்ணீராக இளகிவிடும். வேக்ஃபீல்டின் ஆட்கள் அதில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் 'காஸ்டர்'. 1909-ல் அந்த ஆயிலுக்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். இன்னைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஷட்டர்ல பச்சையும் சிவப்புமா பார்க்கிறோமே, அந்தப் பேருக்குள்ள இருக்கறது நம்ம வேலியோரச் செடி.

அந்த எண்ணெய்ல அப்படி என்ன இருக்கு? அதில் உள்ள கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் வரை ரிசினோலிக் அமிலம் என்கிற ஒரே வகை. அதோட மூலக்கூறில் ஒரு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஜோடி கூடுதலாகத் தொங்குது. அந்த ஜோடி போய் உலோகத்தைப் பிடிச்சுக்கும். எண்ணெய்ப் படலம் அழுத்தத்துலயும் வழுக்கிக்கிட்டு ஓடாம ஒட்டி நிக்கும். ரெண்டாவது குணம், இது பெட்ரோல்ல எளிதா கரையாது. இந்த ரெண்டாவது குணத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

முதல் உலகப்போர் விமானங்களில் ரோட்டரி இன்ஜின்னு ஒண்ணு இருந்துச்சு. கேட்டா நம்பமாட்டீங்க. சாதாரண இன்ஜின்ல கிராங்க்‌ஷாஃப்ட் சுத்தும், சிலிண்டர் நிக்கும். இதுல கிராங்க்‌ஷாஃப்ட் விமானத்தோட இறுக்கிக் கட்டியிருக்கும், மொத்த சிலிண்டர்களும் விசிறியோட சேர்ந்து சுத்தும்! பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, ஆயில் இருக்கிற அதே அறை வழியாத்தான் சிலிண்டருக்குப் போகணும். பெட்ரோலிய ஆயிலா இருந்தா பெட்ரோல் அதைக் கரைச்சுக் கழுவி விட்டுரும். கரையாத எண்ணெய் வேணும். அதுதான் விளக்கெண்ணெய். ஒரு தடவை உள்ளே போன எண்ணெய் திரும்ப வராது, புகையோட வெளியே தெறிச்சுரும். தெறிக்கிறது எங்கே? பின்னாடி உட்கார்ந்திருக்கிற பைலட் மேல. மணிக்கணக்கா விளக்கெண்ணெய்ப் புகையைச் சுவாசிச்ச பைலட்டுகளுக்கு வயித்துல என்ன நடந்திருக்கும்னு உங்க பாட்டிகிட்ட கேளுங்க, சொல்லுவாங்க.

இது வேடிக்கையோட முடியல. விளக்கெண்ணெய் திடீர்னு போர்ப் பொருளா மாறிடுச்சு. கடல் முற்றுகையால் ஜெர்மனிக்கு ஆமணக்கு கிடைக்கல. பெட்ரோலிய எண்ணெயை வச்சு மாற்று எண்ணெய் செஞ்சாங்க. அதை ஊத்தின ரோட்டரி இன்ஜின்கள் நடுவானத்துல சூடேறிப் பழுதாச்சு. தப்பான ஆயிலுக்கு விலை பைலட்டோட உயிர். அமெரிக்கா போருக்குள்ள வந்ததும் இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை வாங்கி, புளோரிடா போன்ற தென் மாநிலங்களில் பயிரிட ஏற்பாடு செய்தது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அதே போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு போட்டது தெரியும். "அவன் பெரிய எம்டன்"னு நாம பேசறதே அதனாலதான். அன்னைக்கு எரிஞ்சது பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகள். அதே பர்மா ஆயில் 1966-ல் காஸ்ட்ராலை வாங்கியது. 2000-ல் ரெண்டையும் சேர்த்து பிபி வாங்கியது. பெரிய அர்த்தம் எதுவும் இல்ல, சொல்லாம விட மனசு வரல.

போர் முடிஞ்சது, ரோட்டரி இன்ஜின் ஒழிஞ்சது, விளக்கெண்ணெய் மட்டும் பந்தயக் களத்துக்குள்ள தங்கிடுச்சு. காஸ்ட்ரால் ஆர் என்கிற ஆமணக்கு ஆயிலோட வாசனைதான் பல பழைய ரேஸ் ரசிகர்களுக்கு ரேஸோட வாசனையே. ஆனா அந்த ஆயிலுக்கு ஒரு பெரிய குறை இருந்துச்சு. சூட்டுல காத்துபட்டா அது பிசின் மாதிரி இறுகும், பிஸ்டன் வளையத்துக்குள்ள போய் ஒட்டிக்கும். பெட்ரோலிய ஆயிலோட கலக்கவும் கூடாது. ரேஸ் டீமுக்கு இதனால ஒரு கஷ்டமும் இல்ல. ஓடி முடிச்சதும் ஆயிலை வடிச்சுருவாங்க, இன்ஜினையே பிரிச்சுக் கழுவி மறுபடி மாட்டுவாங்க. தினமும் ஆபீஸ் போற காருக்கு அதை ஊத்தினா கதை வேற. ரேஸ் ஆயில்ங்கறது 'உயர்ந்த' ஆயில் இல்ல, ஆயுள் குறைவான ஆயில். தம்பியோட கூட்டாளிக்கு நான் சொல்ல விரும்பறது இதுதான். இன்னைக்கு உண்மையான டிராக் ஆயில்கள் பலவும் அப்படித்தான். அழுக்கைக் கழுவற சேர்மானம் குறைவாவும், தேய்மானத்தைத் தடுக்கற சேர்மானம் அதிகமாவும் இருக்கும். ஆறு மாசம் உள்ளே கிடக்கறதுக்காகச் செஞ்ச பொருள் இல்ல அது.

சரி, கெட்டி ஆயில் நம்பிக்கை? அது நம்ம நாட்டு வரலாறு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கினது. சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப்போர்ல போட்ட விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்துச்சு. வெளிநாட்டு வண்டி இறக்குமதி செய்யறது பெரும்பாடான காலம். ஃபியட், ஹெரால்ட்னு தெருவில் ஓடுற வண்டிகளையே தட்டிக்கொட்டி ஓட்டினாங்க. 1980-களின் கடைசியில் கோயம்புத்தூர் கரிவரதன் செஞ்ச ஃபார்முலா மாருதியிலும் இருந்தது மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. நம்ம ஊர் 'பெர்ஃபார்மன்ஸ்' எல்லாம் சாதாரண இன்ஜினிலிருந்து பிழிஞ்சு எடுத்ததுதான். அந்தப் பழைய இன்ஜின்களில் உதிரிபாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், தேய்ஞ்சா இன்னும் அதிகம். வெயிலும் சேர்ந்தா 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில்தான் சரி. அந்த மெக்கானிக் அண்ணன் சொல்றது அம்பாசடருக்கு நூத்துக்கு நூறு உண்மை.

அந்த எண்களைப் பத்தி ஒரு நிமிஷம். டபிள்யூன்னா வின்டர், குளிர்காலம். முன்னாடி உள்ள எண், குளிர்ல ஆயில் எவ்வளவு இலகுவா ஓடும்னு சொல்லும். பின்னாடி உள்ளது 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியா இருக்கும்னு. "நம்ம ஊர்ல ஏது குளிர்?"னு கேக்கலாம். ஆனா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் இருக்கறது 100 டிகிரியில இல்ல, 25–30 டிகிரியில. அந்த நிலையில் 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30-ஐவிட ரெண்டு மடங்குக்கும் மேல கெட்டி. டர்போவோட தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுத்தும், மெல்லிய ஆயில் படலத்து மேல மிதந்துக்கிட்டு. அங்கே ஆயில் சீக்கிரம் போய்ச் சேரணும்.

'ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆயில்'னு ஒரே ஒரு விடையும் கிடையாது. 2000-களின் பிஎம்டபிள்யூ எம்3 டர்போ இல்லாமலேயே 8,000 சுற்று வரை போகும். அதுக்குக் கம்பெனி சொன்னது 10டபிள்யூ-60. நிசான் ஜிடி-ஆருக்கு ரெண்டு டர்போ. அதுல ஃபேக்டரியில ஊத்தினது 0டபிள்யூ-40. ரெண்டும் அசுர வண்டி, ஆயில் வேற வேற. இன்ஜினுக்குள்ள இருக்கற இடைவெளி, ஆயில் பம்பு, டர்போ, எல்லாத்தையும் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனசுல வச்சுத்தான் வடிவமைக்கறாங்க.

விளக்கெண்ணெய்க்கு என்னாச்சு? தோத்துப் போகல, வேஷம் மாத்திக்கிச்சு. ஆமணக்கெண்ணெயை உடைச்சா செபாசிக் அமிலம் கிடைக்கும். அதிலிருந்து செஞ்ச எஸ்டர்கள்தான் ஆரம்பகால ஜெட் இன்ஜின் ஆயில்கள்ல இருந்துச்சு. பிசின் ஆகற குணத்தைக் கழட்டிட்டு, உலோகத்தைப் பிடிக்கிற குணத்தை வச்சுக்கிட்டாங்க. இன்னைக்கு விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் டப்பாவுல 'எஸ்டர்'னு போட்டிருந்தா, அது அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

இப்போ தம்பியோட வண்டிக்கு வருவோம். அந்த வண்டி எங்கே ஓடுது? மார்த்தாண்டத்துல. மேம்பாலத்துக்குக் கீழ முதல் கியர், ரெண்டாம் கியர். குழித்துறைக்கு ஒரு ஓட்டம், திரும்ப ஒரு ஓட்டம். ஞாயித்துக்கிழமை குலசேகரம் வழியா பேச்சிப்பாறை. தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் அடிக்கிற ஈரக்காத்து. சோழவரத்து ஓடுதளத்துல இன்ஜின் பட்ட கஷ்டம் சூடு. இங்கே கஷ்டம் வேற: நாலு கிலோமீட்டர் ஓட்டத்துல ஆயில் முழுசா சூடாகறதே இல்ல. சூடாகாத ஆயில்ல ஈரம் தங்கும். சிலிண்டருக்குள்ள நேரடியா பெட்ரோல் பீச்சுற இன்ஜினா இருந்தா, எரியாத பெட்ரோல் சுவர் வழியா வழிஞ்சு ஆயில்ல கலக்கும்.

ரெண்டாவது ஆபத்து, பெரிய கியர்ல, குறைஞ்ச சுற்றுல, மேட்டுல ஆக்சிலரேட்டரை அமுக்கறது. ஆயில் துளி பெட்ரோலோட கலந்து, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே தீப்பிடிக்கும். ஒரே அடியில பிஸ்டன் உடைஞ்சு போகலாம். ட்யூனிங்னு டர்போ அழுத்தத்தை ஏத்தியிருந்தா இந்த ஆபத்து இன்னும் கூடும். ஆயில்ல உள்ள கால்சியம் சேர்மானம் இதைத் தூண்டுதுன்னு கண்டுபிடிச்சு, 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் ஏபிஐ எஸ்பி என்று புதுத் தரங்கள் கொண்டுவந்தாங்க. இந்தச் சோதனையில தேறாத ஆயில் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் பிஸ்டனைக் காப்பாத்தாது.

அதனால தம்பி, மேனுவலைத் திற. அதுல எந்த எண் போட்டிருக்கோ அதே எண், முழு சிந்தெடிக், டப்பாவுல ஏபிஐ எஸ்பி இல்லேன்னா உன் கார் கம்பெனி கேக்குற தர எண். பிராண்டு உன் இஷ்டம். ட்யூனிங் பண்ணினவர்கிட்ட ஆயிலை மாத்தணுமான்னு கேளு. மாத்தணும்னு சொன்னா, மேனுவல் அனுமதிக்கிற அடுத்த கிரேடு வரைக்கும்தான் போகணும். கம்பெனி 10,000 கிலோமீட்டர்னு சொல்லியிருந்தாலும், நம்ம ஊர்ச் சின்ன ஓட்டத்துக்கு ஆறு மாசத்துல மாத்திரு. கிலோமீட்டர் ஓடலேன்னு விட்டுறாதே. வாரத்துக்கு ஒரு தடவையாவது நாகர்கோவில் வரைக்கும் ஓட்டி இன்ஜினை நல்லா சூடாக்கு.

அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை டிப்ஸ்டிக்கை உருவிப் பாரு. ஆயில் மட்டம் குறைஞ்சாதான் பிரச்சினைன்னு எல்லாரும் நினைப்பாங்க. ஏறியிருந்தா இன்னும் கவனிக்கணும். துடைச்சு, மோந்து பாரு. பெட்ரோல் வாசம் அடிச்சா அன்னைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போ.