உழவர் இல்லத்தில் உதித்த கடல் வீரர்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் தளபதிகளுமே நம் நினைவிற்கு வருகின்றனர். ஏர் பிடித்த ஏழைக் குடும்பமும் வரலாற்றில் இடம்பெறும் என்பதற்கு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து மில்லர் குடும்பம் தக்க சான்றாகும்.

டெக்சஸ் கறுப்பின மக்களின் அடிமைத்தளை 1865ஆம் ஆண்டில்தான் அறுந்தது. அதன் பின்னரும் அவர்களுள் பலர், பிறர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுப் பயிர் செய்தே பிழைத்தனர். வேக்கோ நகரருகே வாழ்ந்த கானரி மில்லர், ஹென்றியெட்டா தம்பதியரும் அத்தகைய உழவரே. 1916இல் அந்நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரை, ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க எரித்துக் கொன்ற கொடுமை நிகழ்ந்தது. அச்சம் சூழ்ந்த அம்மண்ணில், 1919 அக்டோபர் 12ஆம் நாள், இவர்களின் நான்கு ஆண்மக்களுள் மூன்றாமவர் பிறந்தார். பெண் மகவே பிறக்கும் என்று நம்பிய மருத்துவச்சி, 'டோரிஸ்' என்னும் பெண்பெயரைச் சூட்டினார் என்பர்.

தந்தையின் வயலில் உழைத்து வளர்ந்த டோரிஸ், குடும்பத்திற்குப் பொருளீட்ட எண்ணி 1939இல் கடற்படையில் சேர்ந்தார். அங்கும் நிறவேற்றுமை அவரைத் தொடர்ந்தது. அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுதல், படுக்கை விரித்தல், காலணி துடைத்தல் ஆகியனவே கறுப்பினத்தவருக்கு உரிய பணிகளாயிருந்தன. பீரங்கிப் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

1941 டிசம்பர் 7ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அதற்குச் சற்று முன்னரே நம் மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கத் தொடங்கியிருந்தது. இங்கு அப்போது டிசம்பர் 8ஆம் நாள். 'வெஸ்ட் வர்ஜீனியா' போர்க்கப்பலில் அழுக்குத் துணிகளைச் சேகரித்துக் கொண்டிருந்த மில்லர், படுகாயமுற்ற கப்பல் தலைவர் பென்னியனுக்கு உதவ மேல்தளம் விரைந்தார். பின்னர், தாம் ஒருபோதும் பயின்றறியாத இயந்திரத் துப்பாக்கியை ஏந்தி, குண்டுகள் தீரும்வரை எதிரி விமானங்களை நோக்கிச் சுட்டார்.

அவ்வீரச் செயல் முதலில் பெயர் குறிக்கப்படாமலே பாராட்டப்பெற்றது. 1942 மார்ச்சில்தான் அவர் இன்னார் என்று உலகம் அறிந்தது. மே 27ஆம் நாள் கடற்படைத் தளபதி நிமிட்ஸ், 'நேவி கிராஸ்' பதக்கத்தை அவர் மார்பில் அணிவித்தார். அப்பதக்கத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

அப்புகழை அவர் நெடுநாள் துய்க்கவில்லை. 1943 நவம்பர் 24ஆம் நாள், கில்பர்ட் தீவுகளருகே 'லிஸ்கம் பே' கப்பல் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்குண்டு மூழ்கியது. மாண்ட அறுநூற்றுக்கும் மேற்பட்டோருள் சமையற்பணியாளராயிருந்த மில்லரும் ஒருவர். அவருடல் கிடைக்கவில்லை. மகனைக் காணவில்லை என்னும் செய்தி பெற்றோரை எட்டிய நாள் டிசம்பர் 7; அவர் வீரம் விளைத்த நாளுக்குச் சரியாக ஈராண்டு நிறைவு.

1973இல் ஒரு போர்க்கப்பல் அவர் பெயர் தாங்கியது. 2020 ஜனவரியில், கட்டப்படவிருக்கும் மாபெரும் விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அவர் பெயரே அறிவிக்கப்பெற்றது. அமெரிக்க அதிபர்கள் பலரின் பெயர் தாங்கும் அவ்வகைக் கப்பல்களுள், சாதாரணக் கடற்படை வீரர் ஒருவரின் பெயர் இடம்பெறுவது இதுவே முதன்முறை.

துப்பாக்கியைத் தொடத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டவரின் பெயர் இன்று கப்பலுக்குப் பெருமை சேர்க்கிறது. எனினும், மகனை வயலிலிருந்து கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்த அந்தப் பெற்றோருக்கு அவன் திரும்பக் கிடைக்கவில்லை. வீரரைப் போற்றும் வேளையில், அவரை ஈந்த இல்லத்தையும் நினைத்தல் நம் கடனாகும்.