பிரைமர் (துப்பாக்கித் தோட்டா)

பிரைமர் என்பது துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பகுதியில் பொருத்தப்படும், சிறு உலோகக் கிண்ணத்துள் அடைக்கப்பட்ட எரியூட்டி ஆகும். சுடும் ஊசி மோதியதும் இதிலுள்ள கலவை வெடிக்கிறது. அதனால் எழும் தீப்பிழம்பு பொறித்துளை வழியாகச் சென்று உறையிலுள்ள வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. சுட்ட பின் எஞ்சும் பித்தளை உறையில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை இட்டு மீண்டும் தோட்டாவாக்குவது கையால் தோட்டா நிரப்புதல் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடுநர்களிடமும் வேட்டையாடுவோரிடமும் இது பரவலாக உள்ளது. தோட்டாவின் நான்கு உறுப்புகளுள் பிரைமரே மிகச் சிறியது. எனினும் அதனைத் தவறாகத் தேர்ந்தால் துப்பாக்கியும் சுடுபவரும் சேதமுற நேரிடும். இக்கட்டுரை ரைபிள் தோட்டாக்களுக்கான பிரைமரைத் தேர்வு செய்வது பற்றியது.

வரலாறு

அடித்தால் வெடிக்கும் சேர்மத்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்தின் கிறித்தவப் போதகர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித் 1807-இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த செப்பு மூடிகளின் வழிவந்ததே இன்றைய பிரைமர். இதன் இரு முதன்மை வகைகளும் 1866-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றன. ஒன்று அமெரிக்கரான ஹைரம் பெர்டான் உருவாக்கியது. மற்றது ஆங்கிலேயப் படை அதிகாரி எட்வர்ட் பாக்சர் உருவாக்கியது. அமெரிக்கர் கண்டுபிடித்தது ஐரோப்பாவிலும், ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அமெரிக்காவிலும் நிலைபெற்றது ஒரு வேடிக்கையான முரண்.

பெர்டான் முறையில், கலவை நசுங்குவதற்கான பட்டடை உறையின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கும். பொறித்துளைகள் பொதுவாக இரண்டு. பாக்சர் முறையில் பட்டடை பிரைமருக்குள்ளேயே இருக்கும். உறையின் நடுவில் ஒரே துளை. இந்த நடுத்துளை வழியாக ஒரு கம்பியைச் செலுத்திப் பழைய பிரைமரை எளிதில் தள்ளிவிடலாம். கையால் நிரப்புவோர் பெரும்பாலும் பாக்சர் வகையையே நாடுவதற்கு இதுவே காரணம்.

அளவு

ரைபிள் பிரைமர்கள் சிறியது (விட்டம் 0.175 அங்குலம், ஏறத்தாழ 4.45 மி.மீ.), பெரியது (0.210 அங்குலம், ஏறத்தாழ 5.33 மி.மீ.) என இரு அளவுகளில் உள்ளன. எதை இடுவது என்பதை உறையின் குழியே தீர்மானிக்கிறது. .223 ரெமிங்டன் சிறியதையும், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் பெரியதையும் ஏற்கும். 6.5 கிரீட்மோர் போன்ற சில தோட்டாக்களுக்கு இருவகை உறைகளும் விற்பனையில் இருப்பதால், தோட்டாவின் பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.

கைத்துப்பாக்கிப் பிரைமர்களின் விட்டமும் இவையே என்பதால் குழப்பம் நேரும். பெரிய ரைபிள் பிரைமர் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரை விட உயரமானது. சிறியவற்றிலோ அளவைக் கொண்டு வேறுபாடு காண இயலாது. ஆனால் ரைபிளின் அழுத்தம் மிக அதிகம் என்பதால் அதற்கான கிண்ணம் தடிப்பாகச் செய்யப்படுகிறது. கைத்துப்பாக்கிப் பிரைமரை ரைபிள் தோட்டாவில் இட்டால் அது துளைபட்டு, சூடான வாயு பின்னோக்கிப் பீறிடலாம்.

கிண்ணத்தின் தடிப்பும் தற்செயல் வெடிப்பும்

ஒரே அளவுள்ள ரைபிள் பிரைமர்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ரெமிங்டனின் 6½ எண் பிரைமர் .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது. .223 ரெமிங்டனுக்கு அதே நிறுவனத்தின் 7½ எண்ணே உரியது. இரண்டும் சிறிய ரைபிள் பிரைமர்களே. குழியிலும் சரியாகவே பொருந்தும். ஆகவே இந்தப் பிழை கண்ணில் படாது.

தானியங்கு வகைத் துப்பாக்கிகளில் இது மேலும் முக்கியமாகிறது. ஏ.ஆர்.-15, எம்1 காரண்ட் போன்றவற்றில் சுடும் ஊசியைப் பின்னிழுக்கும் சுருள்வில் கிடையாது. தாழ் மூடும் வேகத்தில் ஊசி முன்னோக்கிச் சென்று பிரைமரை இலேசாகத் தட்டும். பிரைமர் அளவுக்கு மீறி மென்மையாகவோ குழியிலிருந்து துருத்திக்கொண்டோ இருந்தால், விசையை இழுக்காமலேயே தோட்டா வெடிக்கக்கூடும். தாழ் முழுமையாகப் பூட்டப்படும் முன் இது நிகழ்ந்தால் உறை கிழிந்து, சுடுபவரின் முகத்தருகே வாயு வெளியேறும். இத்தகைய துப்பாக்கிகளுக்காகவே சி.சி.ஐ. நிறுவனம் 34 (பெரியது), 41 (சிறியது) ஆகிய படைத்துறை வகைப் பிரைமர்களை விற்கிறது. எந்தப் பிரைமரானாலும் அது உறையின் அடிப்பரப்பை விடச் சற்றே உள்ளடங்கி இருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்ப்பதே இதற்கான எளிய சோதனை.

மேக்னம் பிரைமர்

மேக்னம் பிரைமர்கள் கூடுதல் வெப்பத்தையோ நீண்ட தீப்பிழம்பையோ தருபவை. அதிக அளவு வெடிமருந்து கொள்ளும் பெரிய உறைகள், எளிதில் பற்றாத உருண்டை வடிவ வெடிமருந்து, கடுங்குளிர் ஆகிய சூழல்களில் இவை பயன்படுகின்றன. பெயரில் மேக்னம் என்று இருப்பதாலேயே ஒரு தோட்டாவிற்கு மேக்னம் பிரைமர் தேவை என்று கொள்ளலாகாது. சி.சி.ஐ. 450 போன்ற சிறிய மேக்னம் பிரைமரைப் பலர் தேர்வது அதன் தடித்த கிண்ணத்திற்காகவே. தீயின் வலிமைக்காக அன்று.

வழக்கமான பிரைமருக்குப் பதிலாக, வெடிமருந்தின் அளவை மாற்றாமல் மேக்னம் பிரைமரை இட்டால் அழுத்தம் உயரலாம். எனவே நிரப்புதல் கையேடுகள் ஒவ்வோர் அட்டவணையிலும் சோதனைக்குப் பயன்பட்ட பிரைமரின் பெயரைக் குறிப்பிடுகின்றன. பிரைமரை மாற்றுபவர் கையேட்டின் தொடக்க அளவிற்குத் திரும்பி, படிப்படியாகவே உயர்த்த வேண்டும். உச்ச அளவில் இருக்கும்போது கடையில் கிடைத்த வேறு பிரைமரை இடுவது ஆபத்தானது. சுட்ட பிரைமர் தட்டையாகியிருப்பது மிகை அழுத்தத்தின் அறிகுறியாகக் கருதப்பட்டாலும், அது கிண்ணத்தின் மென்மையையும் பொறுத்தது. நம்பத்தக்க அளவுகோல் அன்று.

போட்டிப் பிரைமர்கள் கூடுதல் சீர்மையுடன் தயாரிக்கப்படுபவை (எ.கா. ஃபெடரல் 210எம், சி.சி.ஐ. பி.ஆர்.2). தொலைதூர இலக்குகளில் பயன் உண்டு, வேட்டைக்கு அவசியமில்லை.

கலவை

தொடக்கத்தில் பாதரசப் ஃபல்மினேட்டு பயன்பட்டது. இதிலிருந்து வெளிவரும் பாதரசம் பித்தளையை நொறுங்கச் செய்ததால் உறைகளை மீண்டும் பயன்படுத்த இயலாமற் போனது. பொட்டாசியம் குளோரேட்டுக் கலவைகள் எரிந்தபின் விட்டுச்செல்லும் பொட்டாசியம் குளோரைடு உப்பு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். இன்றைய பிரைமர்கள் பலவற்றில் ஈய ஸ்டிஃப்னேட்டு உள்ளது. இது குழலை அரிப்பதில்லை. ஆயினும் ஈயம் நச்சாகும். பழைய பிரைமர்களை அகற்றும்போதும் உறைகளை மெருகேற்றும்போதும் எழும் தூசியிலும் ஈயம் இருக்கும். எனவே பணியிடத்தில் உண்பதைத் தவிர்த்து, பின்னர் கைகளைக் கழுவ வேண்டும்.

சேமிப்பு

பிரைமர்களை உற்பத்தியாளரின் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே இருக்கும்படி அப்பெட்டி வடிவமைக்கப்பட்டுள்ளது. கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது அனைத்தும் ஒருசேர வெடிக்கும். தவிர, பெட்டியை விட்டு எடுத்த பிரைமர் எவ்வகையைச் சார்ந்தது என்று கண்டறிவதும் கடினம்.

கிடைக்கும் நிலை

2020 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் பிரைமர்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. கிடைத்ததை வாங்கி இடும் பழக்கமும் அப்போது பரவியது. சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன் ஆகிய மூன்று தோட்டா நிறுவனங்களும் 2024-இல் செக் குடியரசைச் சேர்ந்த செக்கோஸ்லோவாக் குழுமத்தின் உடைமையாயின.